அடிக்கடி புரளும் கணுக்கால்: முதல் சுளுக்கிலிருந்து ஆபரேஷனுக்குப் பிந்தைய ஒரு வருடம் வரை

2018 ஐப்பசி. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் வயல். யூரியா வாளியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். கல் இல்லை, குழி இல்லை, ஒரு நண்டு வளைகூட இல்லை. இடது கால் தானாக உள்பக்கம் மடங்கியது. அடுத்த நொடி வாளியும் நானும் சேற்றில். வரப்பின் அந்தக் கோடியில் புல் அறுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "ஏங்கண்ணு, மறுக்காவும் பெரட்டிக்கிட்டயா?"

அந்த 'மறுக்காவும்' வந்து சேரப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. 2007-இல் கல்லூரி வாலிபால் மைதானத்தில், வலைக்குக் கீழே எதிரணிக்காரன் பாதத்தின்மேல் இறங்கியபோது முதல் தடவை புரண்டது. பத்து நாளில் வலி போய்விட்டது, மறுபடி ஆடப் போய்விட்டேன். வலி போனால் சரியாகிவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள், பின்னால் பட்ட பாடெல்லாம் அங்கேதான் தொடங்கியது. கணுக்காலில் வலி போவது வேறு, உறுதி திரும்புவது வேறு. 2019-இல் ஆபரேஷன் செய்துகொண்டேன். நான் மருத்துவன் இல்லை. ஒரு கணுக்காலோடு பன்னிரண்டு வருடம் மல்லுக்கட்டியவன். எந்தக் கட்டத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிவதை வரிசையாக எழுதுகிறேன்.

1. புரண்ட அன்றைக்கு: எலும்பா, ஜவ்வா?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எலும்பு முறிந்திருக்கிறதா என்பதுதான். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் இதற்கு ஒரு எளிய விதி சொன்னார்கள். இன்றும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதைத்தான் பார்க்கிறார்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் முண்டாகத் தெரியும் எலும்பு இருக்கிறதே, அதன் பின்விளிம்பில் கீழ் நுனியிலிருந்து மேலே ஆறு சென்டிமீட்டர் வரை விரலால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளிவிளிம்பில், சுண்டுவிரலுக்கும் குதிங்காலுக்கும் நடுவில் துருத்தும் எலும்பையும், உள்பக்கம் பாத வளைவின் மேலே இருக்கும் எலும்பையும் அழுத்துங்கள். இந்த இடங்களில் எலும்பின்மேலேயே சுரீர் என்று வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு எட்டு ஊன்றி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இது பெரியவர்களுக்கான கணக்கு. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது செல்லாது. அவர்கள் வலியை நம்பக் கூடாது, வீங்கினாலே காட்டிவிட வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று பொருள் அல்ல. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டும் ஜவ்வு தெரியாது. "எலும்புல ஒன்னுமில்லீங்க, வெறும் சுளுக்குத்தான்" என்ற ஒரு வரியைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன்.

முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம் வையுங்கள். கிரேப் பேண்டேஜை விரலடியில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். படுக்கும்போது இரண்டு தலையணை மேல் காலைத் தூக்கி வையுங்கள். அதற்காக ஒரு மாதம் கட்டிலிலேயே கிடக்கவும் வேண்டாம். முறிவு இல்லை என்று உறுதியானால், தாங்கக்கூடிய அளவுக்குச் சில நாட்களிலேயே மெல்ல ஊன்றத் தொடங்குவதுதான் இப்போதைய முறை.

இங்கே சுளுக்கு வழிக்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இது கொங்கு நாட்டுக்காரன் எழுதியதாக இருக்காது. நம் பக்கம் ஊருக்கு ஒருவர் இருப்பார். நானும் மூன்று தடவை போயிருக்கிறேன். நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசுவார்கள், கூட்டம் குறைவு, காசும் குறைவு. ஆனால் புதிதாகக் கிழிந்த ஜவ்வை எண்ணெய் விட்டு அழுத்தி உருவுவது, கிழிந்த வேட்டியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்ப்பது மாதிரிதான். உள்ளே ரத்தக் கசிவு கூடும், வீக்கம் ஏறும். புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் போடும் பற்றும் அப்படியே. சூடு முதல் இரண்டு நாளைக்கு ஆகாது. உணர்ச்சி குறைந்த காலில் எப்போதுமே ஆகாது, தோல் வெந்ததுகூடத் தெரியாது. தப்பை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு, விரல்கள் நீலமானாலோ மரத்துப் போனாலோ "மூணு நாளைக்கு அவுக்கப்படாது" என்ற பேச்சையெல்லாம் கேட்காதீர்கள். உடனே அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

2. உள்ளே என்ன நடக்கிறது

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் மூன்று ஜவ்வுகள் இருக்கின்றன. மூன்றும் வெளிமுண்டு எலும்பின் நுனியிலிருந்துதான் கிளம்புகின்றன. முன்னால் ஒன்று, கீழ்நோக்கிக் குதிங்கால் எலும்புக்குப் போவது ஒன்று, பின்னால் ஒன்று. மூன்றிலும் மெல்லியது முன்னால் இருப்பது. விரல் நுனி கீழே பார்க்க, பாதம் உள்பக்கம் மடங்கும்போது முதலில் கிழிவது அதுதான். அடி பலமாக இருந்தால் அடுத்து கீழே போவதும் சேர்ந்து கிழியும். பின்னால் இருப்பது லேசில் போகாது.

ஜவ்வு வெறும் கயிறு மட்டும் இல்லை. அதற்குள் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்ற தகவல் அங்கிருந்து ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். கால் லேசாகச் சாயத் தொடங்கியதுமே கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் உள்ள பெரோனியல் தசைகள் சுண்டி இழுத்துப் பாதத்தை நேராக்கிவிடும். நமக்குத் தெரியாமலேயே ஒரு நாளில் எத்தனையோ தடவை இது நடக்கிறது. ஜவ்வு கிழிந்தால் அந்தத் தகவலும் மந்தமாகிறது, தசை சுண்டுவது தாமதமாகிறது. அதற்குள் கால் மடங்கிவிடுகிறது. கல்லும் குழியும் இல்லாத வரப்பில் நான் விழுந்ததற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு தடவை புரளும்போதும் மீதி ஜவ்வு இன்னும் கொஞ்சம் நீள்கிறது, உள்ளே மூட்டின் குருத்தெலும்பும் அடி வாங்குகிறது.

3. மூன்று மாதம் நேர்மையாகப் பயிற்சி

ஆபரேஷன் வரை போகிறவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களுக்குப் பயிற்சியே போதும். ஆனால் 'பிசியோதெரபி பண்ணிப் பார்த்தேன், கேட்கலை' என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் குடைந்து கேட்டால், நாலு நாள் போய் மின்சார ஒத்தடம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்த கதையாக இருக்கும். என் கதையும் அதேதான், இரண்டு தடவை. ஒத்தடம் வலியைத் தணிக்கும், உறுதியைத் தராது.

முதலில் அசைவு. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, பெருவிரலை எழுதுகோலாக நினைத்துக் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். நம் எழுத்தில் வளைவுக்குப் பஞ்சமே இல்லை. 'ஐ' எழுதி முடிப்பதற்குள் கணுக்கால் எல்லாத் திசையிலும் சுற்றி வந்துவிடும். சுவரில் கை ஊன்றி, பின்காலின் குதிங்கால் தரையை விட்டு எழும்பாமல் கெண்டைக்கால் சதையை இழுத்துப் பிடிப்பதும் இதோடு சேர வேண்டும். குதிங்கால் தசைநாண் (சதையை எலும்போடு கட்டும் நார்) இறுகிக் கிடந்தால் கணுக்கால் இன்னும் எளிதாக மடங்கும்.

அடுத்து பலம். ரப்பர் பேண்டு வாங்கினால் நல்லது. நான் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, ஒரு முனையை மேசைக் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டிக்கொண்டேன். பாதத்தை வெளிப்பக்கமாக இழுத்து, மூன்று எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக விட வேண்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று. இழுப்பதைவிட மெதுவாக விடுவதில்தான் வேலை அதிகம். முட்டி திரும்பக் கூடாது, பாதம் மட்டும் திரும்ப வேண்டும். பிறகு இரண்டு காலில் குதிங்கால் தூக்கி இறக்குவது, பழகியதும் ஒற்றைக் காலில்.

மூன்றாவது சமநிலை. எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். முப்பது நொடி ஆடாமல் நிற்க முடிகிறதா? சரி, இப்போது பக்கத்தில் ஒரு பிடிமானம் இருக்கும்படி பார்த்துக்கொண்டு கண்ணை மூடி நில்லுங்கள். முதல் நாள் நான் நான்கு நொடி நின்றேன். நல்ல காலில் இருபத்தைந்து. அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகுதான் பிரச்சினை ஜவ்வில் மட்டும் இல்லை என்று உறைத்தது. அதன்பின் தலையணையை மடித்துப் போட்டு அதன்மேல். கடைசியாகத்தான் குதிப்பது, பக்கவாட்டில் ஓடுவது எல்லாம்.

வாரத்தில் ஐந்து நாள், மூன்று மாதம். தினசரிக் காலண்டர் தாளைக் கிழிக்காமல் விட்டு, அதிலேயே குறித்து வைத்தேன். பயிற்சி செய்த நாளுக்கு ஒரு கோடு, கால் புரண்ட நாளுக்கு ஒரு வட்டம். பின்னால் டாக்டர் கேட்ட பாதிக் கேள்விகளுக்கு அந்த வட்டங்களே பதில் சொல்லின.

4. அதுவரை அன்றாட வாழ்க்கை

உங்கள் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். வெளிவிளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அந்தச் செருப்பு உங்களை வெளியே சாய்த்துக்கொண்டிருக்கிறது. முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள். தோட்டத்துக்கு ரப்பர் செருப்பு வேண்டாம். குதிங்காலை இறுக்கிப் பிடிக்கும் ஷூவோ, பின்பட்டை உள்ள செருப்போ நல்லது. சேற்றில் எதுவும் நிற்காது, அங்கே வெறுங்கால்தான். அப்போது கையில் ஒரு தடி இருக்கட்டும். தடியைக் கெட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். எல்லோரும் மாற்றித்தான் பிடிப்பார்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் காலுறை மாதிரியான எலாஸ்டிக் உறை கதகதப்பாக இருக்கும், மடங்குவதைத் தடுக்காது. கயிறு கட்டி இறுக்கும் வகை, அல்லது இரண்டு பக்கமும் பட்டை வைத்த பிரேஸ்தான் தடுக்கும். ஆட்டத்துக்கு, நீண்ட நடைக்கு, வயலுக்கு அதைப் போடுங்கள். வீட்டுக்குள் போடத் தேவையில்லை.

எனக்கு இடது கால் என்பதால் பைக்கில் கியரை விரலால் மேலே தூக்குவது தொந்தரவாக இருந்தது. கியர் இல்லாத வண்டிக்கு மாறினேன். மேடு பள்ளத்தில் வண்டியை நிறுத்தும்போது எந்தக் கால் கீழே ஊன்றுகிறது என்று கவனியுங்கள், என் வட்டங்களில் மூன்று அங்கே விழுந்தவை. விசைத்தறியிலோ பனியன் கம்பெனியிலோ நாள் முழுக்க சிமெண்ட் தரையில் நிற்பவர்கள் காலுக்கடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்புப் போட்டுக்கொண்டால் சாயங்கால வீக்கம் குறையும்.

கோயில் விஷயம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பது நம் பக்கம் பல வீடுகளில் பரம்பரை வழக்கம். இருட்டில், தார் ரோட்டின் விளிம்பில், வெறுங்காலில், தூக்கக் கலக்கத்தில் நடப்பதைப் போலக் கணுக்காலுக்கு ஆகாத வேலை வேறில்லை. இரண்டு வருடம் பிடிவாதமாகப் போனேன், இரண்டு வருடமும் பாதியில் வேன் ஏறினேன். மருதமலைக்கும் சென்னிமலைக்கும் மேல்வரை வண்டிப் பாதை இருக்கிறது. பழனியில் விஞ்சும் ரோப்காரும் இருக்கின்றன. வெள்ளியங்கிரிக்கு அப்படி எதுவும் இல்லை, ஏழு மலையும் நடைதான். ஏறுவதைவிட இறங்குவதுதான் கணுக்காலைக் கொல்லும். உறுதி வரும்வரை அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

வலி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. டைக்ளோஃபெனாக் போன்றவற்றைச் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் வாங்கி விழுங்குபவர்களை என் உரக்கடைத் திண்ணையில் தினமும் பார்க்கிறேன். வயிற்றுப் புண், சிறுநீரகம், ரத்த அழுத்தம் என்று மூன்றையும் அது பதம் பார்க்கும். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியும் வலியைத்தான் அடக்கும், திரும்பத் திரும்பப் போட்டால் சுற்றியுள்ள திசுக்கள் பலவீனமாகலாம். "ஒரு ஊசி போட்டுட்டா போதும், டோர்னமெண்ட் ஆடிரலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. போதும், இனி டாக்டரிடம்

மூன்று முதல் ஆறு மாதம் முறையாகப் பயிற்சி செய்தும் சமதரையில் கால் மடங்குகிறது, மூட்டுக்குள் ஏதோ மாட்டிக்கொள்வதுபோல் நிற்கிறது, ஆழத்தில் ஒரு வலி இரவிலும் இருக்கிறது என்றால் எலும்பு மூட்டு மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். முடிந்தால் பாதம், கணுக்கால் மட்டும் பார்ப்பவரிடம். கோயம்புத்தூரில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எலும்பு மூட்டுப் பிரிவு இருக்கிறது.

நல்ல மருத்துவர் எம்ஆர்ஐ படத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பார். ஒரு கையால் முன்காலைப் பிடித்து, மறுகையால் குதிங்காலை முன்னால் இழுத்து, இரண்டு காலையும் ஒப்பிடுவார். நான் முதலில் போன ஓரிடத்தில் பேண்ட்டைக்கூட மடிக்கச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டை இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு ஆபரேஷன் தேதி கேட்டார்கள். இரண்டாவது இடத்தில் என்னை எழுந்து நிற்க வைத்துப் பின்னாலிருந்து குதிங்காலைப் பார்த்தார்கள். குதிங்கால் உள்பக்கம் சாய்ந்த அமைப்பு இருந்தால் ஜவ்வை மட்டும் தைத்துப் பயனில்லை, சாய்வையும் சேர்த்துச் சரிசெய்யாவிட்டால் தைத்தது மறுபடி நீண்டுவிடும். கட்டைவிரலை மடக்கி முன்கையில் தொடச் சொன்னார். உடம்பிலுள்ள ஜவ்வெல்லாமே இயல்பிலேயே தளர்வானவர்களுக்கு வேறு முறை தேவைப்படலாம் என்பதற்காக. அப்புறம் கேட்டார்: "வருசத்துல எத்தன தடவ பெரளுதுங்க?" காலண்டர் தாள்களை எடுத்து மேசையில் வைத்தேன். சிரித்துவிட்டார்.

எம்ஆர்ஐயில் ஜவ்வோடு வேறு என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தாலஸ் எனும் கணுக்கால் மூட்டு எலும்பின்மேல் குருத்தெலும்பு சேதம், பெரோனியல் தசைநாண் கிழிசல், மூட்டுக்குள் மிதக்கும் சில்லு. இவை இருந்தால் ஆபரேஷனும் மாறும், குணமாகும் காலமும் மாறும். பல வருடம் கவனிக்காமல் விட்டு மூட்டே தேய்ந்துபோனவர்களுக்கு ஜவ்வைத் தைப்பது பலன் தராது. அவர்களுக்கு மூட்டின் எலும்புகளை அசையாதபடி ஒன்றாகச் சேர்த்துவிடுவது அல்லது செயற்கை மூட்டு பற்றிய பேச்சு வரும்.

6. ஆபரேஷன், அதற்கான பணம்

அதிகமாகச் செய்யப்படுவது ஸ்வீடன் மருத்துவர் ப்ரோஸ்ட்ரோம் 1966-இல் எழுதிய முறை. நீண்டு தளர்ந்த ஜவ்வைச் சுருக்கி, எலும்பில் அதன் இடத்திலேயே மறுபடி தைப்பது. 1980-இல் கூல்ட் என்பவர் பக்கத்தில் இருக்கும் ஒரு பட்டைத் திசுவையும் இழுத்து மேலே தைத்து வலுவாக்கும் வழியைச் சேர்த்தார். இப்போது எலும்பில், தையல் நூலைப் பிடித்துக்கொள்ளும் சின்ன ஆங்கர் பதித்து அதில் தைக்கிறார்கள், சிலருக்கு மேலே ஒரு நாடாவும் வைக்கிறார்கள். ஜவ்வே மிச்சமில்லாதவர்களுக்கு வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்டுவார்கள். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்துச் செய்வது. நான் விழித்தேதான் இருந்தேன். தச்சுப் பட்டறை மாதிரி டிரில் சத்தம் கேட்டது, பக்கத்தில் யாரோ மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பணத்துக்கு மூன்று வழிகளைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கொண்டுபோய்க் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிந்து கார்டு வாங்கலாம். ஆனால் எல்லாச் சிகிச்சையும் பட்டியலில் இருக்காது. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆபரேஷனின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கி, மருத்துவமனைக் காப்பீட்டு கவுண்டரில் முன்கூட்டியே கேளுங்கள். திருப்பூர், சோமனூர் பக்கம் கம்பெனியில் வேலை செய்து இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் இருந்தால் அதை மறக்காதீர்கள். சிகிச்சை போக, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால் வேலைக்குப் போகாத காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. தனியார் பாலிசி என்றால் பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்து வையுங்கள், 'முன்பே இருந்த நோயா' என்ற கேள்வி கட்டாயம் வரும். மருத்துவமனை சொல்லும் தொகையில் ஆங்கர் விலை சேர்ந்ததா தனியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்கு அது தனியாக வந்து நின்றது.

பீடி, சிகரெட் இருந்தால் சில வாரம் முன்பே நிறுத்துங்கள். புண் ஆறுவதை அது நேரடியாகத் தாமதப்படுத்தும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் தேதி வாங்க வேண்டாம்.

7. வீட்டைத் தயார் செய்தல்

இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. குறைந்தது இரண்டு வாரம், சிலருக்கு ஆறு வாரம், அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. அறுவடை, நடவு, வீட்டுக் கல்யாணம் இல்லாத மாதமாகப் பார்த்துத் தேதி குறியுங்கள். கறவை மாடு இருந்தால் மூன்று மாதத்துக்குப் பால் பீய்ச்ச ஆள் பேசிக்கொண்டு பிறகு படுங்கள்.

எங்களுடையது பழைய வீடு. முன்கூடமான ஆசாரத்திலிருந்து சமையலறைக்கு ஒரு நிலைப்படி, வாசலுக்கு இரண்டு படி, குளியலறை வெளியே. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பு வாக்கரை வாடகைக்கு எடுத்து ஒற்றைக் காலில் வீட்டைச் சுற்றி வந்து பார்த்தேன். இரண்டு நிலைப்படியில் மாட்டினேன், குளியலறைக் கதவுக்குள் வாக்கர் நுழையவே இல்லை. அன்றைக்கே ஆசாரத்துக்குக் கட்டிலை மாற்றினோம். கயிற்றுக் கட்டில் ஆகாது, தாழ்ந்துவிடும், எழ முடியாது. கீழே உட்காரும் கழிப்பறைக்கு மேல் வைக்கும் ஓட்டை நாற்காலி மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலை வைக்க ஒரு முக்காலி, கட்டு நனையாமல் இருக்க உரச்சாக்கின் உள்ளே வரும் பாலித்தீன் பை. என் கடையில் அதற்குப் பஞ்சமில்லை.

அக்குள் கட்டை என்றால் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். எடையைக் கையில்தான் தாங்க வேண்டும், அக்குளில் தொங்கினால் கை மரத்துப்போகும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். இதை ஆபரேஷனுக்கு முன்பே பழகுங்கள், அதற்குப் பிறகு பழகும் தெம்பு இருக்காது.

8. பிறகு: வாரம் வாரமாக

முதல் இரண்டு வாரம் மாவுக்கட்டோடு கால் மேலேயே இருக்கட்டும், நெஞ்சை விட உயரமாக. கீழே தொங்கவிட்டால் ஐந்தே நிமிடத்தில் விரல்கள் நாவல்பழ நிறத்துக்குப் போகும். விரல்களை மட்டும் அடிக்கடி அசைத்துக்கொண்டிருங்கள். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில்தான் உட்காருவார்கள். நாற்காலியைத் தலைமாட்டில் போட்டு வையுங்கள்.

இந்தக் காலத்தில் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. கெண்டைக்காலில் இறுக்கமான வலியும் வீக்கமும் வந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலும் மாவுக்கட்டுக்குள்ளிருந்து நாற்றமும், மாத்திரைக்கு அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி, விரல் வெளுத்தோ நீலித்தோ போவது, இவையும் அப்படித்தான்.

பத்தியம் பற்றி என் வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. கத்தரிக்காய் ஆகாது, நிலக்கடலை ஆகாது, முட்டை சீழ் பிடிக்கும் என்று அம்மா ஒரு பட்டியல் வைத்திருந்தார். டாக்டர் நேர்மாறாகச் சொன்னார். புண் ஆறப் புரதம் வேண்டும், முட்டை, பருப்பு, கொள்ளு, பால், மீன் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். கடைசியில் கொள்ளுப் பருப்பில் இரண்டு பேரும் சமாதானமானார்கள்.

பத்து முதல் பதினான்கு நாளில் தையல் பிரிப்பார்கள். அடுத்து கணுக்காலை அசையவிடாமல் பிடிக்கும் வாக்கிங் பூட், அதைப் போட்டுக்கொண்டு மெல்ல மெல்ல எடையேற்றுவது. சுமார் ஆறு வாரம் வரை பாதத்தை உள்பக்கம் திருப்பவே கூடாது. படுக்கையில் போர்வையை உதறும்போதுகூட. தைத்த இடம் அந்தத் திசையில்தான் இழுபடும். கால அளவு மருத்துவருக்கு மருத்துவர் மாறும், உங்களுக்குத் தைத்தவர் சொல்வதே கணக்கு.

ஆறாவது வாரம் பூட்டைக் கழற்றிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. கெண்டைக்கால் சதை பாதியாகிவிட்டிருந்தது, தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. பிசியோதெரபிப் பையன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தி, "கைய விடுங்கண்ணா, நானிருக்கறேன்" என்றான். விட்டேன். அப்போதுதான் பிறந்த கன்றுக்குட்டியின் கால் மாதிரி கணுக்கால் நடுங்கியது. பத்து நொடி. அவ்வளவுதான் அன்றைய பயிற்சி. வீட்டுக்கு வந்ததும் அசதியில் இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

அங்கிருந்து மூன்றாம் பகுதியில் சொன்ன அதே பயிற்சிகள்தான், அதே வரிசையில், அதே சைக்கிள் டியூபில். மூன்றாம் மாதம் வேகநடை வந்தது. பந்தைத் தொடுவதென்றால் நான்கு முதல் ஆறு மாதம், அதுவும் பிரேஸோடு. வலது காலில் ஆபரேஷன் என்றால், பதறாமல் முழு பலத்தோடு பிரேக் மிதிக்க முடியும்வரை கார் சாவியைத் தொடாதீர்கள். இடது கால் என்றால் கிளட்சுக்கும் அதே கணக்கு.

சாயங்கால வீக்கம் ஒரு வருடம் வரைகூட இருக்கலாம், பயப்பட வேண்டாம். தழும்புக்குப் பக்கத்தில் தோல் நரம்பு அடிபட்டு ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மரப்பு இருக்கலாம். எனக்கு இன்னும் இருக்கிறது, கொசு கடித்தால் தெரிவதில்லை. மேலே ஏறும்போது பாதம் முன்போல முழுதாக மடங்காமல் சற்று இறுக்கமாக இருக்கும். தளர்ந்ததை இறுக்கத்தானே தைத்தார்கள்.

ஏழாம் மாதம் யூரியா வாளியோடு அதே வரப்பில் இறங்கினேன். கண்ணைக் கீழேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எட்டாக. பாதி வயல் தாண்டிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன், அம்மா அரிவாளைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்து வா" என்றுவிட்டுக் குனிந்துகொண்டார்.

வாலிபால் ஆடுவதை விட்டுவிட்டேன். எங்கள் ஊர் டோர்னமெண்டில் இப்போது விசில் ஊதுகிறேன். பல் துலக்கும்போது மட்டும் இன்றைக்கும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறேன். கண்ணை மூடினால் இடது காலில் இருபத்திரண்டு நொடி வருகிறது.